கைப்பழக்கம் வராத குருமடம்: சுயாதீன கத்தோலிக்கப் பயிற்சி, ஒரு மதிப்பீடு

சுயாதீன கத்தோலிக்கக் குருமடம், அதாவது உரோமைக்கு வெளியே நிற்கும் சபைகள் குருக்களைப் பயிற்றுவிக்கும் இடம், என்று இணையத்தில் தேடினால் வருபவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு விண்ணப்பம், ஆயர் ஒருவருடன் காணொளி நேர்காணல், மாதம் ஒரு பாடத்தொகுதி, அவ்வப்போது ஸூம் வகுப்பு, ஆண்டுக்கு ஒருமுறை சில நாள் நேரில் கூடித் தியானம், கடைசியில் திருத்தொண்டர் பட்டம், அதன்பின் குருப்பட்டம். வேலையை விட வேண்டாம், குடும்பத்தைப் பிரிந்து விடுதியில் போய்த் தங்க வேண்டாம். திருமணமானவர்கள், மணமுறிவு ஆனவர்கள், பெண்கள், முன்பு உரோமைக் குருமடத்தில் சில ஆண்டு இருந்துவிட்டு வெளியே வந்தவர்கள் எனப் பலரும் இந்த வாசலைத் தட்டுகிறார்கள்.

இங்கே மதிப்பிடுவது தனியொரு நிறுவனத்தை அல்ல, இந்த வகைப் பயிற்சியை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஏட்டுப் படிப்பு எதிர்பார்ப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. பீடத்தின்முன் நின்று கையாலும் குரலாலும் செய்ய வேண்டியது சுமார், பல இடங்களில் மோசம். யார் பட்டம் கொடுப்பார், கொடுத்தபின் எங்கே பணி என்ற கேள்விகளுக்குக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில்தான் இடம் கிடைக்கிறது. கையேட்டைப் பின்னாலிருந்து புரட்டுவது நல்லது.

யார் இந்தச் சுயாதீனர்கள்?

பெயரில் ‘கத்தோலிக்க’ இருப்பதால் குழப்பம் வரும். உரோமையோடு ஒன்றித்திருக்கும் கீழைத் திருச்சபைகள் இதில் சேரா. திருத்தந்தையின் (போப்பின்) ஆளுகைக்கு வெளியே நின்றபடி, திருத்தூதர்களிடமிருந்து ஆயர்வழி ஆயராக வரும் திருத்தூதர் வழித்தொடரும், திருமுழுக்கு (ஞானஸ்நானம்), நற்கருணை, குருத்துவம் முதலான ஏழு அருளடையாளங்களும் தங்களிடம் உண்டு என்று சொல்லும் சிறுசிறு திருச்சபைகளே சுயாதீனர்கள். பல கிளைகள் 1724இல் நெதர்லாந்தின் உட்ரெக்டில் டொமினிக் வார்லே என்ற ஆயர் தனியொருவராக நின்று கொர்னேலியுஸ் ஸ்டேனோவனை ஆயராகத் திருப்பொழிவு செய்ததிலிருந்து தங்கள் வழியைக் கணக்கிடுகின்றன. முதலாம் வத்திக்கான் சங்கம் 1870இல் திருத்தந்தையின் தவறா வரத்தை அறிவித்தபின் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பிரிந்தவர்கள் இவர்களோடு சேர, 1889இல் ‘பழைய கத்தோலிக்க’ சபைகளின் உட்ரெக்ட் ஒன்றியம் பிறந்தது. இன்னொரு கிளைக்கு வேர் கொழும்பில் இருக்கிறது. மலங்கரை ஆர்த்தடாக்ஸ் ஆயரான அல்வாரிஸ் மார் யூலியுஸ் 1892இல் அங்கே ஜோசப் ரெனே விலாத் என்பவரைத் திருப்பொழிவு செய்தார். பிரேசிலில் 1945இல் கார்லோஸ் துவார்த்தே கோஸ்தா தொடங்கியது மூன்றாவது பெரிய கிளை.

இந்த வரலாறு விளம்பரங்களில் தாராளமாகப் பேசப்படும். பேசப்படாத ஒன்று உண்டு. உட்ரெக்ட் ஒன்றியம் தன் வழியைச் சொல்லிக்கொள்ளும் பெரும்பாலான சுயாதீனச் சபைகளைத் தன் உறுப்பாக ஏற்பதில்லை. அந்த ஒன்றியம் தன் குருக்களைத் தபாலில் தயாரிப்பதுமில்லை. ஆமர்ஸ்ஃபோர்ட்டில் அவர்களது குருமடம் 1725இலேயே தொடங்கிவிட்டது. பெர்ன் பல்கலைக்கழகத்தில் 1874 முதல் அவர்களுக்கென இறையியல் படிப்பு இருக்கிறது. பான் நகரிலும் பல்கலைக்கழக நிலையில்தான் படிப்பு. ‘பழைய கத்தோலிக்க மரபுப்படி’ என்று போட்டு இரண்டு ஆண்டில் குருவாக்கும் இடத்தைப் பார்த்தால், அந்த மரபுக்காரர்களே எத்தனை ஆண்டு படிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

சேர்க்கை

திருமுழுக்குச் சான்று, உறுதிபூசுதல் சான்று, கல்விச் சான்றுகள், திருமணம் ஆகியிருந்தால் துணைவரின் சம்மதக் கடிதம், காவல்துறைச் சான்று, உளவியல் மதிப்பீடு, உங்களை அறிந்த மூவரின் பரிந்துரை. இவ்வளவும் கேட்கும் இடம் நல்ல இடம். அலுத்துக்கொள்ளாமல் எடுத்துக் கொடுங்கள்.

ஆனால் தரத்தைக் காட்டிக்கொடுப்பது ஒரேயொரு கேள்விதான்: “இதற்குமுன் வேறு குருமடத்திலோ துறவற சபையிலோ இருந்தீர்களா, ஏன் வெளியேறினீர்கள்?” உரோமைத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 241ஆம் எண், முன்பு வேறொரு குருமடத்திலிருந்து வெளியேற்றப்பட்டவரைச் சேர்க்கும்போது அங்கிருந்த தலைவரிடம் சான்று பெற வேண்டும், குறிப்பாக வெளியேற்றத்தின் காரணத்தை அறிய வேண்டும் என்கிறது. சுயாதீனக் குருமடங்களுக்கு வருவோரில் கணிசமானவர்கள் இப்படி வந்தவர்களே. சிலர் தெளிவான, மரியாதையான காரணத்துக்காக வெளியே வந்தவர்கள். சிலர் குழந்தைகள் பாதுகாப்பு தொடர்பான புகாரால் வெளியே அனுப்பப்பட்டவர்கள். பழைய இடத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்காத குருமடத்தால் இந்த இருவரையும் பிரித்தறிய முடியாது. விண்ணப்பித்த மூன்றாம் நாளே ‘வாழ்த்துகள் பிரதர்’ என்று பதில் வந்தால் மகிழ வேண்டாம். உங்களை அவ்வளவு எளிதாகச் சேர்த்தவர்கள் பக்கத்தில் உட்காருபவரையும் அப்படித்தான் சேர்த்திருப்பார்கள்.

மணிக்கணக்கு

எத்தனை ஆண்டு என்று கேட்காமல் எத்தனை மணி என்று கேட்பது புத்திசாலித்தனம். இந்த வகைக் குருமடங்கள் அதிகம் இயங்கும் அமெரிக்காவில் ஒரு கிரெடிட் என்பது 15 வாரம், வாரத்துக்கு ஒரு மணி வகுப்பு, இரண்டு மணி சொந்தப் படிப்பு. ஆக 45 மணி. அங்கே இறையியல் பள்ளிகளின் சங்கம் ஏற்கும் எம்.டிவ். என்ற முதுகலை இறையியல் பட்டத்துக்குக் குறைந்தது 72 கிரெடிட். பெருக்கினால் 3,240 மணி. வேலைக்குப் போய்க்கொண்டே வாரம் 10 மணி படிக்கிறவருக்கு இது 324 வாரம், ஆறு ஆண்டுக்கு மேல்.

இப்போது ‘வாரம் பத்து மணி ஒதுக்கினால் போதும், 24 மாதத்தில் முழுக் குருத்துவப் பயிற்சி’ என்ற விளம்பரத்தை எடுங்கள். 1,040 மணி. 23 கிரெடிட். முதுகலைப் பட்டத்தின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதையே ‘திருத்தொண்டருக்கான அடிப்படைப் பயிற்சி’ என்று நேர்மையாக அழைத்தால் குற்றமில்லை. எம்.டிவ். என்று எழுதிக் கொடுத்தால்தான் குற்றம்.

உரோமைச் சட்டம் (250ஆம் எண்) மெய்யியலும் இறையியலுமாக ஆறு முழு ஆண்டு கேட்கிறது. அதில் மெய்யியலுக்கு இரண்டு ஆண்டு, இறையியலுக்கு நான்கு ஆண்டு என்று சட்டமே பிரிக்கிறது. சுயாதீனக் குருமடங்கள் நேரத்தை மிச்சம் பிடிக்க முதலில் வெட்டுவது மெய்யியலை. வெட்டினால் என்ன ஆகும் என்பது இரண்டாம் ஆண்டில் தெரியும். அருளடையாள இறையியல் முழுவதும் ‘பொருள், வடிவம்’ என்ற இரண்டு சொல்லின்மேல் நிற்கிறது. நற்கருணையைப் பற்றிப் பேசினால் ‘உட்பொருள், வெளித்தன்மை’ வரும். அரிஸ்டாட்டில், இடைக்கால இறையியலாளர் அக்வினாஸ் வழியாக இங்கே எப்படி வந்தார் என்று தெரியாதவருக்கு இவை மனப்பாட வரிகளாகவே நின்றுவிடும். ‘அறிமுக மெய்யியல்’ என்ற பெயரில் ஆறு கிரெடிட்டாவது இருக்கிறதா என்று பாடத்திட்டத்தில் பாருங்கள்.

ஏட்டுப் படிப்பு

இதில்தான் நல்ல இடங்கள் மதிப்பெண் வாங்குகின்றன. விவிலியப் பாடங்கள் பொதுவாகத் தரமானவை. கற்பிப்பவர்களில் பலர் பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள், வேறு வேலை பார்த்துக்கொண்டு மாலையில் வகுப்பெடுப்பவர்கள். சிறிய வகுப்பு. ஐந்தாறு பேர்தான். கேள்வி கேட்டால் பதில் கிடைக்கும்.

திருச்சபை வரலாறு சற்றுச் சாய்ந்திருக்கும். உட்ரெக்ட் பற்றி மூன்று வாரம், திரெந்து சங்கம் பற்றி ஒரு மணி நேரம் என்று ஒதுக்குவார்கள். குருமடம் என்ற அமைப்பையே 1563இல் ஆணையிட்டு நிறுவியது திரெந்து சங்கம் என்பதால் இந்தக் கஞ்சத்தனம் கொஞ்சம் நகைப்புக்குரியது.

உண்மையில் கவனமாகப் படிக்க வேண்டியது குருத்துவ அருளடையாளம் பற்றிய பாடம். சுயாதீன கத்தோலிக்கத்தின் முழு எடையையும் தாங்கும் தூண் அது. தொனாத்தியர்கள் என்ற பிரிவினையாளரோடு நடந்த வாதத்தில் அகுஸ்தீன் எடுத்த நிலைப்பாட்டின்படி, திருச்சபையின் ஒன்றிப்புக்கு வெளியே கொடுக்கப்பட்ட அருளடையாளமும் செல்லும். முறையல்ல என்றாலும் செல்லும். அவருக்கு முன்பு 258இல் மறைசாட்சியாக இறந்த சிப்ரியான் நேர்மாறாகச் சொன்னார்: வெளியே இருப்பது வெறுமை. மேற்கு அகுஸ்தீன் பக்கம் போனது. கிழக்கில் ஆர்த்தடாக்ஸ் சபைகள் பெரும்பாலும் சிப்ரியான் பக்கம். ஆகவே ஒரு சுயாதீனக் குரு ஆர்த்தடாக்ஸ் ஆயர் ஒருவர் முன் போய் என் வழித்தொடர் உங்கள் சபையிலிருந்து வந்ததுதான் என்று பட்டியலை நீட்டினால், அந்தப் பட்டியலுக்கு அங்கே பொருளே இல்லை. இந்த இரு பக்கத்தையும் வைத்துக் கட்டுரை எழுதச் சொல்லும் குருமடம் நேர்மையானது. அகுஸ்தீனை மட்டும் பாடம் வைத்துவிட்டு, ‘ஆகவே நம் பட்டம் எல்லோருக்கும் செல்லும்’ என்று முடிக்கும் குருமடத்தில் பாதிப் பாடம்தான் நடக்கிறது.

மதிப்பீட்டு முறை இடத்துக்கு இடம் மாறும். சேரும் முன் திருத்திய கட்டுரை ஒன்றைப் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பக்க ஓரத்தில் குறிப்புகள் இருக்கிறதா, ‘இந்த மேற்கோள் எங்கே?’ என்று யாராவது கேட்டிருக்கிறார்களா பாருங்கள். ‘அருமை, தொடர்க’ மட்டும் இருந்தால் அங்கே யாரும் படித்துப் பார்ப்பதில்லை. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற தேர்வைத் திருச்சபைச் சட்டத்துக்கு வைக்கலாம். மறையுரைக்கு வைக்க முடியாது.

பீடத்தின்முன்

தொலைநிலைக் குருமடத்தின் பெரிய ஓட்டை இங்கேதான். திருப்பலி என்பது கையால் செய்யும் வேலையும்கூட. கையைப் பார்த்துத் திருத்த ஆள் வேண்டும்.

அப்பத்தையும் கிண்ணத்தையும் வைக்கப் பீடத்தில் விரிக்கும் திருமேனித் துகிலை எடுத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் மூன்றாகவும் அகலவாக்கில் மூன்றாகவும் மடித்தால் ஒன்பது கட்டம். பீடத்தின் நடுவில் தட்டையாக வைத்து, முதலில் இடப்பக்க மடிப்பு, பிறகு வலம், பிறகு எதிர்ப்பக்கம், கடைசியில் நம் பக்கம் என்று விரிக்க வேண்டும். மடிக்கும்போது இதே வரிசை தலைகீழாக. காரணம் எளியது: அப்பத் துகள்கள் உள்ளே தங்க வேண்டும், தரையில் விழக் கூடாது. திரையில் ஒருமுறை பார்த்துவிட்டு வருபவர் அதை மேசை விரிப்பைப் போல உதறி விரிக்கிறார். உதறிய அந்த நொடியே துகில் எதற்கு என்ற பாடம் அவருக்கு நடக்கவே இல்லை என்று தெரிந்துவிடும்.

கிண்ணத்தில் திராட்சை இரசத்தோடு சேர்ப்பது சில துளி நீர். குடுவையை நிமிர்த்தத் தெரியாமல் கொட்டிவிட்டால் அது இரசமா நீரா என்ற கேள்வி எழும். நற்கருணைக்குப்பின் தட்டைக் கிண்ணத்தின்மேல் சாய்த்துத் துகள்களைத் தள்ளி, நீர் ஊற்றி, குடித்து, துடைத்து வைக்கும் வரிசையில் பலர் தடுமாறுவார்கள். திருப்பலி நூலின் நாடாக்கள் இன்னொரு தொல்லை: தொடக்கவுரை ஒரு பக்கம், நற்கருணை மன்றாட்டு வேறு பக்கம். முன்கூட்டியே நாடாவைப் போட்டு வைக்காதவர் ‘தூயவர், தூயவர்’ பாடி முடியும் நேரத்தில் பக்கம் தேடிக்கொண்டிருப்பார்.

வீட்டிலிருந்தே பழகுவதென்றால் சில விஷயங்களைச் சரிசெய்யாமல் பயனில்லை. மேசை இடுப்புக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசை தாழ்வு, குனிந்து பழகிவிடுவீர்கள். மடிக்கணினிக் கேமரா முகத்தைக் காட்டும், விரலைக் காட்டாது. தோள் உயரத்தில் பக்கவாட்டில் ஒரு கைபேசியை நிறுத்தி மேசையைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். ஸூமில் உங்கள் சொந்தப் படம் கண்ணாடி போல் இடவலம் மாறித் தெரியும். அதைப் பார்த்தபடி சிலுவை அடையாளம் வரையப் பழகினால் கை குழம்பும். அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள். பாடும்போது நீண்ட சுரத்தை இரைச்சல் என்று நினைத்து ஸூம் வெட்டிவிடும். ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பைப் போட்டால்தான் ஆசிரியருக்கு உங்கள் தொடக்கவுரை முழுதாகக் கேட்கும். திருநிலைப்படுத்தப்படாதவர் செய்வது வெறும் ஒத்திகை, அதையும் அர்ச்சிக்கப்படாத அப்பத்தை வைத்துச் செய்யலாம். இருபது ஒத்திகையாவது பதிவாகி, அவற்றில் பாதியையாவது ஒருவர் பார்த்துக் குறிப்பு எழுதினால் தேறலாம். பெரும்பாலான இடங்கள் ஆண்டுத் தியானத்தில் இரண்டு ஒத்திகையோடு விட்டுவிடுகின்றன.

வார்த்தைகளையும் இதே கண்டிப்போடு கற்பிக்க வேண்டும். 2020 ஆகஸ்டில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், ‘நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்’ என்பதற்குப் பதில் ‘நாங்கள் அளிக்கிறோம்’ என்று சொல்லிக் கொடுத்த திருமுழுக்கு செல்லாது என்று அறிவித்தது. டெட்ராய்ட் உயர்மறைமாவட்டத்துக் குரு ஒருவர் தன் குழந்தைப்பருவத் திருமுழுக்கின் காணொளியை எடுத்துப் பார்த்தார். திருத்தொண்டர் சொன்னது ‘நாங்கள்’. திருமுழுக்கு இல்லையென்றால் உறுதிபூசுதல் இல்லை, குருத்துவமும் இல்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து பெற்றார். அவர் கொடுத்த அருளடையாளங்களில் பலவற்றின் நிலையும் கேள்விக்குள்ளானது. சுயாதீனச் சபைகள் உரோமையின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஆனாலும் தங்கள் அருளடையாளங்கள் செல்லும் என்று நிறுவுவதே அவற்றின் உயிர்நாடி. அப்படியிருக்க, சில குருமடங்களில் மாணவர் சொந்தமாக எழுதிய மன்றாட்டை வைத்தே ஒத்திகை பார்க்க விடுவது விளங்கவில்லை. அப்பம், இரசம் விஷயமும் இதே கதைதான். பசையம் (குளூட்டன்) குறைந்த கோதுமை அப்பத்தை உரோமை ஏற்கும், பசையமே இல்லாததை ஏற்காது. உங்கள் சபையின் விதி என்ன, ஏன் என்பது பாடத்தில் வர வேண்டும்.

நோயாளியின் அருகில்

மறையுரை, ஒப்புரவு (பாவ அறிக்கை கேட்டு மன்னிப்பு வழங்கல்), நோயாளர் சந்திப்பு. இவற்றில் நல்ல குருமடம் உங்களை வெளியே அனுப்பும். மருத்துவமனைகளில் நடக்கும் சி.பி.இ. என்ற நோயாளர் மேய்ப்புப்பணிப் பயிற்சியின் ஒரு அலகு 400 மணி. அதைப் பாடத்திட்டத்தில் கட்டாயமாக்கியிருந்தால் மற்ற குறைகளைப் பாதி மன்னிக்கலாம். அங்கே நோயாளியோடு நடந்த உரையாடலை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதி, குழுவின் முன் வைக்க வேண்டும். புதியவர் செய்யும் பிழை ஒரே மாதிரி இருக்கும். நோயாளி “பயமாக இருக்கிறது” என்பார், பயிற்சி பெறுபவர் “கடவுள் பார்த்துக்கொள்வார்” என்பார். எழுதிப் பார்க்கும்போதுதான் அந்தப் பதில் யாருடைய பயத்தை அடக்கியது என்று தெரியும். இதைக் கட்டுரைப் பாடத்தில் கற்க வழியே இல்லை.

ஒரே ஆள், எல்லாப் பதவியும்

உள்மனத்தை அறிந்தவரும் பட்டத்துக்குப் பரிந்துரைப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும் என்பது குருமட மரபில் கறாரான விதி. மாணவரைப் பட்டத்துக்கு அனுமதிப்பதா, வெளியேற்றுவதா என்று முடிவெடுக்கும்போது ஆன்ம குருவிடமும் ஒப்புரவு கேட்பவரிடமும் கருத்தே கேட்கக் கூடாது என்கிறது உரோமைச் சட்டத்தின் 240ஆம் எண். ஒரு சிறிய சுயாதீனச் சபையிலோ ஆயர்தான் அதிபர், ஆயர்தான் பேராசிரியர், ஆயர்தான் ஆன்ம குரு, ஒப்புரவு கேட்பவரும் அவரே, பட்டம் கொடுப்பவரும் அவரே. அவரிடம் உங்கள் சந்தேகத்தைத் திறந்து சொன்னால் பட்டம் தள்ளிப்போகும். மறைத்தால் பயிற்சியே வீண். இந்த வகைப் பயிற்சியின் ஆகப் பெரிய அமைப்புக் குறை இதுதான், பாடத்திட்டத்தின் தரம்கூட இதற்குப் பிறகே. தீர்வு எளிது, செலவும் இல்லை: ஆன்ம குரு வேறு சபையிலிருந்து வரலாம். அதற்கு ஒத்துக்கொள்ளாத ஆயரிடமிருந்து விலகுவதே நல்லது.

பட்டங்களும் பட்டியல்களும்

வாயில் காப்போர், வாசகர், பேயோட்டுநர், பீடத்துணைவர் என்ற சிறு பட்டங்களையும் துணைத் திருத்தொண்டர் பட்டத்தையும் உரோமை 1972இல் நிறுத்திவிட்டது. வாசகர், பீடத்துணைவர் இரண்டு மட்டும் பணிகளாக நீடிக்கின்றன. பல சுயாதீனச் சபைகள் பழைய வரிசையை வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சில மாதம் இடைவெளி விட்டு, அந்தப் பணியைச் செய்யவைத்துக் கொடுத்தால் அது அழகான படிமுறை. சனிக்கிழமை காலையில் நான்கும் மாலையில் ஐந்தாவதும் என்று கொடுத்தால் வெறும் சடங்குக் கணக்கு. திருத்தொண்டர் பட்டத்துக்கும் குருப்பட்டத்துக்கும் நடுவே உரோமைச் சட்டம் ஆறு மாதமாவது கேட்கிறது. இங்கே ஓராண்டு வைக்கும் சபைகள் உண்டு, மறுநாளே கொடுப்பவையும் உண்டு.

பட்டத்தோடு பல பக்க வழித்தொடர்ப் பட்டியல் ஒன்றும் வரும். உட்ரெக்ட், விலாத், துவார்த்தே கோஸ்தா என இருபது கிளை வரைகூட ஒரே ஆளிடம் வந்து சேர்ந்திருக்கும். இத்தனை எப்படி? ஆயர்கள் ஒருவர்மேல் ஒருவர் ‘ஐயம் தீர’ மறுபடி திருப்பொழிவு செய்துகொள்வதால். முதல் திருப்பொழிவு உறுதியானது என்றால் இரண்டாவது ஏன்? இந்தக் கேள்வியை வகுப்பில் மரியாதையாகக் கேளுங்கள். பதிலின் நிதானமே போதும்.

உரோமைக் கத்தோலிக்கராக இருந்து இந்த வழியில் போகிறவருக்கு விளைவுகளை எழுத்தில் சொல்லிக்கொடுப்பது குருமடத்தின் கடமை. திருத்தந்தையின் ஒன்றிப்பிலிருந்து விலகினால் பிளவுக் குற்றம், தானாகவே சபைநீக்கம். பெண்ணுக்குப் பட்டம் கொடுக்க முயன்றாலும் பெற முயன்றாலும் அதே தண்டனை. பட்டம் செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும், ஒப்புரவுக்கும் திருமணத்துக்கும் பட்டத்தோடு அதிகாரமும் வேண்டும் என்பதால், சுயாதீனக் குரு ஒரு உரோமைக் கத்தோலிக்கருக்குக் கொடுக்கும் பாவமன்னிப்பு உரோமையின் கணக்கில் சாதாரணமாகச் செல்லாது. ஆள் சாகும் தறுவாயில் இருந்தால் மட்டும், அதிகாரம் இல்லாத குருவின் மன்னிப்பும் செல்லும் என்று 976ஆம் எண் சட்டம் திறந்துவிடுகிறது. மருத்துவமனையில் பணிபுரியப் போகிற ஒருவர் இந்த நுணுக்கத்தைத் தெரியாமல் பட்டம் பெறக் கூடாது.

காகிதமும் காசும்

குருமடத்தின் பட்டம் எங்கே செல்லும்? அமெரிக்காவில் படைக்குருவாக (ராணுவத்தில் பணிபுரியும் குருவாக) விண்ணப்பிக்க, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் 72 கிரெடிட் பட்டமும், படைத்துறை ஏற்றுக்கொண்ட ஒரு சமய அமைப்பின் ஒப்புதலும் வேண்டும். மத நிறுவனம் என்பதால் கல்வி அங்கீகார விதிகளிலிருந்து விலக்குப் பெற்று இயங்கும் குருமடம் சட்டவிரோதமானது அல்ல. ஆனால் அதன் எம்.டிவ். அங்கே நிற்காது. ஆகவே தெளிவான வழி இதுதான்: இறையியல் பட்டத்தை அங்கீகாரம் பெற்ற ஏதாவது பல்கலைக்கழகத்தில் பெறுங்கள், சபை சார்ந்த உருவாக்கத்துக்கு மட்டும் சுயாதீனக் குருமடத்துக்கு வாருங்கள். நல்ல ஆயர்கள் இதைத் தாமே சொல்கிறார்கள். எஸ்.டி.எல். போன்ற, உரோமையின் அனுமதியோடு மட்டுமே தரக்கூடிய பாப்பிறைப் பட்டங்களைத் தாங்களும் தருவதாகச் சொல்லும் இடம் எதற்கும் கூசாது.

கட்டணத்தைப் பாடத்துக்குப் பாடம் வசூலிக்கும் இடம் முழுத்தொகையை முன்கூட்டி வாங்கும் இடத்தைவிடப் பாதுகாப்பு. மூன்றாவது பாடத்தில் ஏமாற்றம் வந்தால் எழுந்து போகலாம். கட்டணப் பட்டியலில் ‘குருப்பட்டக் கட்டணம்’ என்று தனி வரி இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். காசு வாங்கிப் பட்டம் கொடுப்பதை 451இல் கல்செதோன் சங்கத்தின் இரண்டாம் சட்டம் தடைசெய்தது. அந்தச் சங்கத்தை ஏற்பதாகச் சொல்லும் சபை அதை விலைப்பட்டியலில் போடுவது வினோதம்.

சம்பளம் பற்றி ஒரு வார்த்தை: பெரும்பாலான சுயாதீனக் குருக்களுக்குக் கிடையாது. வாடகை மண்டபமும் பத்திருபது பேரும்தான் பங்கு. வேறு வேலை நிச்சயம் வேண்டும். கையேட்டில் இது இல்லையென்றால் அங்கே ஏற்கெனவே பட்டம் பெற்ற மூன்று பேரிடம் நேரில் கேளுங்கள்: இப்போது எங்கே திருப்பலி நிறைவேற்றுகிறீர்கள், எத்தனை பேர் வருகிறார்கள், ஆயர் கடைசியாக எப்போது வந்தார்? பேசுவதற்கு மூன்று பேர்கூட இல்லாத குருமடத்துக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டாம்.

பட்டம் கிடைத்த நாளன்றே செய்ய வேண்டியது ஒன்று. சான்றிதழில் நாள், இடம், பட்டம் கொடுத்த ஆயரின் முழுப்பெயர், பயன்படுத்திய சடங்கு நூலின் பெயர், மொழி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறதா பாருங்கள். சபையின் பதிவேட்டில் உங்கள் வரி ஏறியதற்கு ஒரு படி வாங்குங்கள். கைவைக்கும் சடங்கும் அர்ச்சிப்பு மன்றாட்டும் குரல் கேட்கும்படி முழுதாகப் பதிவான காணொளியை இரண்டு இடத்தில் சேமியுங்கள். பத்து ஆண்டு கழித்து வேறொரு சபையில் சேரப் போகும்போது அவர்கள் முதலில் கேட்பது இவற்றைத்தான். அதற்குள் பட்டம் கொடுத்த ஆயர் இறந்திருப்பார், அல்லது அந்தச் சபையே கலைந்திருக்கும்.